ஒரே போர்டிங்: நாய்க்கு நாலு நட்சத்திரம், பூனைக்கு அரை

ஊருக்குப் போகும்போது நாய், பூனையைக் காசு கொடுத்து விட்டுவிட்டுப் போகிற ஒரு போர்டிங்கைப் பற்றியது இது, அதன் பெயர் சொல்லப்போவதில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அங்கே வேலை செய்கிற பையன்களுக்கு மிருகங்கள் மேல் உண்மையாகவே பிரியம் இருக்கிறது, போன் செய்தால் எடுத்தார்கள், கடைசியில் பணத்தில் கொஞ்சம் திருப்பியும் கொடுத்தார்கள். அதனால் இது யாரையும் கிழித்துத் தொங்கவிடுகிற விமர்சனம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு ஜீவன்கள் இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், கிட்டத்தட்ட ஒரே விலைக்கு விட்டோம். ஒன்று கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போன பிள்ளை மாதிரி திரும்பி வந்தது, இன்னொன்றை நாலாவது நாளே கூடையில் போட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. நாய், பூனை இரண்டும் வைத்திருப்பவர்கள் எங்கேயாவது புக் பண்ணுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஆட்கள். மணி, ஐந்து வயது, சிப்பிப்பாறை கலப்பு. ராஜபாளையம், கோம்பை, கன்னி மாதிரி சிப்பிப்பாறையும் நம்ம ஊர் இனம்தான், முயல் துரத்துவதற்கென்றே வளர்த்த ஒல்லி உடம்பும் நீளக் காலும். இவனுக்கு அம்மா வழியில் எந்தத் தெரு கலந்ததோ, வேட்டைநாயின் கம்பீரம் துளியும் கிடையாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைக்கூடச் சீர் கொண்டுவந்த தாய்மாமனைப் பார்க்கிற மாதிரி வாலை ஆட்டி வரவேற்பான். பொம்மி, மூன்று வயதுப் பெண் பூனை, கறுப்பும் வெள்ளையும், கொஞ்சம் குண்டு. ஒரு மழை இரவில் மாடிப்படிக்கு அடியில் கிடைத்தவள். வீட்டுக்குள் அவளுக்கென்று ஒரு அட்டவணை உண்டு. காலை வெயிலுக்குப் பால்கனி, பத்து மணிக்கு ஃப்ரிட்ஜ் மேல், மதியம் அத்தையின் புடவை மடித்து வைத்த நாற்காலி, மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில். அத்தை (என் மாமியார்) பூனையே பிடிக்காது என்பவர், ஆனால் மத்தி மீன் வாங்கினால் தலையெல்லாம் தனியாக ஒரு கிண்ணத்தில் இருக்கும், யார் எடுத்து வைத்தது என்று கேட்கக் கூடாது.

கோவில்பட்டியில் கணவரின் தங்கைக்குக் கல்யாணம், முன்னும் பின்னும் சேர்த்து ஒன்பது நாள். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் நாயைக் கூட வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஃபர்ஸ்ட் ஏசியில் கூபே என்கிற தனியறை முழுவதையும் நாமே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் பெட்டியில் இருக்கும் இரும்புக் கூண்டில் போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கூண்டை ஒருமுறை எழும்பூரில் பார்த்திருக்கிறேன், அதற்குப் பதில் நானே அதில் ஏறிப் போய்விடுவேன். காரில் கூட்டிப்போகலாம் என்றால் பொம்மி மூன்று கிலோமீட்டர் ஆட்டோவுக்கே அழுது, எச்சில் வடித்து, கூடையிலேயே மூத்திரம் போய்விடுவாள். அதனால் போர்டிங்.

இடம் பார்க்க நன்றாகவே இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஊருக்கு வெளியே, சுற்றிலும் உயரமான கம்பிவேலி, நடுவில் ஒரு பெரிய மண் மைதானம், இரண்டு வேப்பமரம், குட்டிகள் இறங்கி விளையாடச் சிமெண்ட் தொட்டி. நாய்களுக்குத் தனித்தனிக் கூண்டு, ஒவ்வொன்றிலும் மின்விசிறி. நாய்க்கு நாளைக்கு 700 ரூபாய், பூனைக்கு 600. தடுப்பூசிப் புத்தகம் இல்லாமல் உள்ளேயே விடவில்லை, ரேபிஸ் போட்ட தேதியை விரல் வைத்துப் பார்த்துப் படித்தார்கள், இதற்கு முழு மதிப்பெண். பத்து இருபது நாய்கள் சேருகிற இடத்தில் இதைக் கேட்காதவர்களிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விடாதீர்கள்.

முதல் உறுத்தல் அங்கேயே, வாசலிலேயே வந்தது. உள்ளே விடுவதற்கு முன்னால் உண்ணி மருந்து அடிப்பது அவர்கள் வழக்கம். மணிக்கு அடித்தார்கள், சரி. அதே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் பொம்மியின் கூடை பக்கம் திரும்பினான். வாங்கிப் பார்த்தேன், பெர்மெத்ரின் என்று போட்டிருந்தது. நாய்களுக்குப் போடுகிற உண்ணி மருந்துகளில் இது சாதாரணம், பூனைக்கு இது விஷம். சில மருந்துகளை உடைத்து வெளியே தள்ளுகிற வேலை பூனையின் கல்லீரலுக்குச் சரியாக வராது, அதனால்தான் நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். எங்கள் டாக்டர் முதல் நாளே தலையில் குட்டாத குறையாகச் சொல்லி அனுப்பிய விஷயம் இது. "தம்பி, இது பூனைக்குக் கூடாதுப்பா" என்றேன். அவன், "பூனைக்குப் பாதிதான்க்கா அடிப்போம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது, எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. அவர்கள் கணக்கில் பூனை என்பது பாதி நாய். பாதி மருந்து, பாதிக் கூண்டு, பாதிச் சாப்பாடு, கொஞ்சம் குறைந்த வாடகை. அன்றைக்கே கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். ராத்திரி ரயில், ஆறு பைகள், கையில் தாம்பூலப் பை அச்சடித்த பண்டல் வேறு. மருந்து அடிக்கவே கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பூனை அறை எது என்று கேட்டதற்கு ஒரு தகரக் கதவைத் திறந்து காட்டினார்கள். கம்பிக் கூண்டுகள் தரைமட்டத்தில் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதற்கு ஒரு சாண் தள்ளி மரத்தூள் போட்ட மலத்தட்டு. சுத்தமாகத்தான் இருந்தது, நாற்றம் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டிகூட இல்லை, ஏறி உட்கார ஒரு பலகை இல்லை, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நாய்க் கூண்டுகள். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனைக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கேட்கும், மண்ணுக்கடியில் எலிக்குஞ்சு கத்துவதற்காக வைத்துக்கொண்ட காது அது. அந்தக் காதோடு ஒரு தகரக் கொட்டகையில், பக்கத்தில் பதினைந்து நாய் குரைக்க, ஒன்பது நாள்.

இனி மணி கதை. அங்கே கேமரா உண்டு, செல்போனில் பார்க்கலாம், இந்த வசதிக்காகத்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தோம். முதல் ராத்திரி ரயில் விழுப்புரம் தாண்டும்போது திறந்து பார்த்தால் மணி கூண்டுக் கதவோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். கோட்டை வாசல் காவல்காரர் மாதிரி அசையாமல். இரண்டு மணி நேரம் அப்படியே. சாப்பாட்டைத் தொடவில்லை. நடுவில் ஒரு ஊளை. என் கணவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாமா என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நாய்க்கு இடம் பெரிதில்லை, ஆள் இல்லாததுதான் குறை. இங்கே வந்து விட்டுவிட்டுப் போனார்களே, வருவார்களா மாட்டார்களா, அந்த ஒரு கேள்விதான் அவனுக்கு.

அடுத்த நாள் காலை அந்த உண்ணி மருந்துப் பையன் உள்ளே வந்தான். கூண்டைத் திறந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ பேசினான். ஒரு நாலு நிமிஷம் இருக்கும். அவ்வளவுதான், கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இதோ ஒரு ஆள். பத்து மணிக்கு மைதானத்தில் ஒரு லாப்ரடாரோடு ஓடிக்கொண்டிருந்தான், மதியம் கோழி போட்ட சோறு ஒரு தட்டு முழுக்க, மூன்றாவது நாள் அந்தப் பையன் கேட்டுக்குப் போனால் பின்னாலேயே போகிறான், அவன் டீ குடித்தால் காலடியில் படுக்கிறான். நாதஸ்வரத்துக்கு நடுவில் இதையெல்லாம் போனில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு லேசாகப் பொறாமையாகவே இருந்தது. ஐந்து வருஷம் சோறு போட்டது நாங்கள்.

2015இல் ஜப்பானில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள்: நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இரண்டு பேர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன் கூடுகிறது, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் சுரக்கிற அதே சமாச்சாரம். குறைந்தது 15,000 வருஷமாக நம்மோடு வேட்டைக்கு வந்து, நம் எச்சிலைத் தின்று, நம் முகத்தைப் படித்துப் படித்து உண்டான பிராணி. கூட்டமாக வாழ்ந்த ஓநாயின் வழி வந்தது, தனியாக விட்டால்தான் அதற்குப் பைத்தியம் பிடிக்கும். அந்தப் பையன் முகத்தைப் பிடித்துக் கண்ணைப் பார்த்துப் பேசினான் பாருங்கள், அதைவிட நல்ல வைத்தியம் மணிக்குக் கிடையாது.

அதே பையன், அதே அன்போடு, அதையே பொம்மிக்கும் செய்தான். அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

பூனை அறைக் கேமராவில் முதல் நாள் பொம்மி தெரியவே இல்லை. கூண்டு காலி என்று நினைத்துப் பதறிப்போய் போன் செய்தேன். "இருக்குக்கா, தட்டுக்குப் பின்னாடி படுத்திருக்கு" என்றார்கள். ஒளிய இடம் இல்லாததால் மலத்தட்டை நிமிர்த்திவிட்டு அதற்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டிருக்கிறாள். தன் மரத்தூளிலேயே படுத்திருக்கிறாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் உடம்பை நக்கித் துடைத்துக்கொண்டிருக்கும் பெண். பையன் கூண்டைத் திறந்தான், குனிந்து, நேராகக் கண்ணைப் பார்த்து, கையை நீட்டினான். தெரியாத ஆள், மேலிருந்து ஒரு கை, முறைக்கிற கண். நாய்க்கு அது பாசம். பூனைக்கு அது சண்டைக்கு அழைப்பு. காதைப் பின்னால் மடித்து சீறினாள், அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கையை நீட்டினான், மூன்று கோடு வாங்கினான். அப்புறம் வாலைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். "வாலாட்டுதுக்கா, பழகிடும்" என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ்.

இரண்டு பிராணியும் ஒரே எழுத்தில் வேறு வேறு பாஷை எழுதுகிற மாதிரிதான் இது. வால் ஆடினால் நாய் பெரும்பாலும் சந்தோஷம், பூனை எரிச்சல். மல்லாந்து வயிற்றைக் காட்டினால் நாய் சொறிந்துவிடச் சொல்கிறது. பூனை உன்னை நம்புகிறேன் என்கிறது, தொடு என்று சொல்லவில்லை, தொட்டால் நாலு காலாலும் பிடித்துக் கடிக்கும். கண்ணைப் பார்த்துப் பேசுவது ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு மிரட்டல். பூனையிடம் பேச வேண்டுமென்றால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கண்ணை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். 2020இல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஆள் அப்படிக் கண்சிமிட்டினால்கூடப் பூனை அவர் கையை நோக்கி வருவது அதிகமாகிறது. எங்கள் அத்தை ஆராய்ச்சி எதுவும் படிக்காமலே இதைச் செய்வார், டிவி பார்த்தபடி அரைத்தூக்கத்தில்.

மூன்றாவது நாளும் பொம்மி சாப்பிடவில்லை. கேட்டேன், பழகிடும்க்கா என்றார்கள். என்ன வைத்தீர்கள் என்றால், நாய்க்கு வைக்கும் அதே உலர் தீனி, கொஞ்சம் பொடித்து. நான் கொடுத்துவிட்ட பூனைத் தீனிப் பை அலுவலக மேஜைக்குக் கீழேயே கிடந்திருக்கிறது. நாய் நம்மோடு இருந்து இருந்து மாவுச்சத்தைச் செரிக்கக் கற்றுக்கொண்டது, தயிர்சாதம் போட்டாலும் வாலாட்டிக்கொண்டே தின்னும். பூனை முழுக்க முழுக்க மாமிச உண்ணி. டாரின் என்கிற ஒரு சத்தை அதன் உடம்பு தேவையான அளவு தானாகச் செய்துகொள்ளாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். மாதக்கணக்கில் நாய்த் தீனியே போட்டால் கண்ணும் இதயமும் கெடும். மூன்று நாளில் அதெல்லாம் ஆகாதுதான். ஆகக்கூடியது வேறு ஒன்று. நாய் ஒரு நாள் இரண்டு நாள் சோகத்தில் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, மணியே முதல் ராத்திரி சாப்பிடவில்லை. பூனை, அதிலும் குண்டுப் பூனை, சில நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்து, கல்லீரலே வேலை செய்யாமல் போய்விடும். "பழகிடும்" என்று காத்திருக்கிற கால அவகாசம் அதற்குக் கிடையாது.

நாலாவது நாள் முகூர்த்தம். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், நான் மண்டபத்துக்குப் பின்னால் பந்திக்கு இலை கழுவுகிற இடத்தில் நின்று தாம்பரத்தில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். "டேய், எனக்காக ஒரு வேலை செய்டா." பாவம், அவனுக்குப் பூனை என்றால் பயம். சமையலறைக் கையுறை போட்டுக்கொண்டு போயிருக்கிறான். டாக்டர் பார்த்து, நீர்ச்சத்து குறைந்திருக்கிறது, மூத்திரத்தையும் அடக்கியே வைத்திருக்கிறாள் என்று சொல்லி, தோலுக்கடியில் சலைன் ஏற்றி, நேராக வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் வேண்டாம், வீட்டில்தான் சாப்பிடும் என்றார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த மனிதர், நிறையப் பேச மாட்டார். ஆண் பூனையாக இருந்தால் மூத்திரமே அடைத்துக்கொண்டிருக்கும், அது உயிருக்கே ஆபத்து என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

தம்பி கூடையைத் திறந்துவிட்டுச் சோபாவில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனே அனுப்பிய வீடியோ இருக்கிறது. வீட்டில் நாங்கள் யாருமே இல்லை. அவளுக்கு அது பொருட்டே இல்லை. கூடையிலிருந்து இறங்கி, சுவரோரமாகவே போய், நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்த்து, கதவு நிலையில் தேய்த்து, ஃப்ரிட்ஜ் மூலையில் தேய்த்து, வீடு முழுக்க ஒரு சுற்று. பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, இது என் இடம் என்று அது போட்டுவைக்கிற கையெழுத்து அது. நாலு நாளாக அழிந்த கையெழுத்தையெல்லாம் புதுப்பித்தாள். பிறகு அத்தையின் நாற்காலியில் ஏறி ஒரு மணி நேரம் உடம்பைத் துடைத்தாள். பிறகு சாப்பிட்டாள். மணிக்கு ஆள் கிடைத்ததும் இடம் பழகிவிட்டது, இவளுக்கு இடம் கிடைத்ததும் ஆள் தேவைப்படவில்லை. பூனைக்கு நம்மேல் அன்பே இல்லை என்று இதை வைத்துச் சொல்பவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாங்கள் திரும்பி வந்த ராத்திரி என் முழங்கை மடிப்பில் மூக்கைச் செருகிக்கொண்டு விடியும்வரை குர்குர் என்று சந்தோஷச் சத்தம் போட்டுக்கொண்டே படுத்திருந்தாள். தனியாக வேட்டையாடின காட்டுப்பூனையின் வழி வந்தவள், தனக்குத் தெரிந்த நிலம் காலடியில் இருந்தால்தான் அன்பு காட்டவே அவளுக்கு நேரம் கிடைக்கும். நாம் பயிர் செய்து தானியம் சேர்த்தபோது எலி பிடிக்க வந்த இனம். சைப்ரஸில் 9,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதரின் சவக்குழிக்குப் பக்கத்தில் பூனை ஒன்றையும் புதைத்திருந்ததைக் கண்டெடுத்திருக்கிறார்கள், உறவு பழையதுதான். ஆனாலும் யாரும் அதைக் கயிறு கட்டிக் கூட்டி வரவில்லை, தானாக வந்து, இடம் பிடித்திருந்ததால் இருந்துவிட்டது.

மணியை ஒன்பதாவது நாள் போய்க் கூட்டி வந்தோம். என்னைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டான், குரைப்பும் இல்லை அழுகையும் இல்லை, அரைமணி நேரம் மேலே விழுந்துகொண்டே இருந்தான். குறை என்று பார்த்தால் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டியிருந்தது, காதுக்குள் இரண்டு உண்ணி (அந்த மருந்துக்குப் பிறகும்), நகம் ஒன்று உடைந்திருந்தது, குளிப்பாட்டி அனுப்புவதாகச் சொன்னதற்குப் பவுடர் போட்டு அனுப்பியிருந்தார்கள். இதற்காகத்தான் ஐந்தில் ஒன்று குறைத்தேன். மற்றபடி எடைகூடக் கொஞ்சம் ஏறியிருந்தது. பொம்மிக்கு மீதி ஐந்து நாள் பணம் கேட்டேன். பேக்கேஜ் மேடம், தர முடியாது என்றார்கள். டாக்டர் பில்லை மேஜைமேல் வைத்தேன். பாதி கொடுத்தார்கள். பூனைக்குக் கொடுத்த அரை நட்சத்திரம் அந்தப் பாதிக்கு.

அதற்கடுத்து வந்த தீபாவளிக்கு நாலு நாள் வெளியூர் போனோம். இந்தத் தடவை மணி மட்டும் போர்டிங், பொம்மிக்கு வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஒரு பெண். ஒரு தடவை வந்துபோக 350 ரூபாய், நாளைக்கு இரண்டு தடவை, கூட்டினால் போர்டிங்கைவிட 100 ரூபாய் அதிகம்தான். வீட்டுச் சாவியைக் கொடுக்கிற பயம் வேறு, அதற்கு முன்னால் அவர் வேலை பார்த்த இரண்டு வீடுகளில் போய் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தேன். முதலிலேயே ஒரு நாள் வரச் சொல்லி அறிமுகம் செய்தோம். வந்தவர் பூனை எங்கே என்று கேட்கவில்லை. ஹாலில் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, என்னிடம் தீனி அளவையும் டாக்டர் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார், கட்டில் பக்கமே பார்க்கவில்லை. இருபது நிமிஷம் கழித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து மீசை தெரிந்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை. எனக்கு அப்போதே நிம்மதி வந்துவிட்டது, இந்த அம்மாவுக்குப் பாஷை தெரியும்.

முதல் நாள் பொம்மி முகம் காட்டவில்லை, ஆனால் தட்டு காலி, மலத்தட்டு மண்ணில் மூத்திரம் பட்டு உருண்ட கட்டி இரண்டு. அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார், பூனை வைத்திருப்பவர்களுக்கு அதைவிட நல்ல படம் கிடையாது. இரண்டாம் நாள் பட்டாசுச் சத்தம் என்று கட்டிலுக்கடியில் துணி விரித்துவிட்டு, டிவியைச் சின்னதாக ஓடவிட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பொம்மி அவருடைய பைமேல் ஏறிப் படுத்திருக்கிற படம் வந்தது. முழு ஐந்து நட்சத்திரம்.

சரி, மணியையும் இதே மாதிரி வீட்டிலேயே விட்டுவிடலாமே என்று பணத்தை மிச்சம் பிடிக்கிற ஆசையில் பொங்கலுக்கு ஒரு ராத்திரி மட்டும் சோதித்துப் பார்த்தோம். அதே பெண்தான், காலை மாலை வந்து அரைமணி நேரம் நடக்கக் கூட்டிப்போய், சோறு வைத்துவிட்டுப் போனார். நடுவில் இருந்த அந்தப் பதின்மூன்று மணி நேரத்தில் மணி வாசல் கதவின் அடிப்பலகையைச் சுரண்டியே ஒரு விரற்கடை ஆழம் எடுத்துவிட்டான், என் ஒரு செருப்பைத் தின்றான், எதிர்வீட்டுக்காரர் ராத்திரி ஒரு மணிக்குப் போன் செய்தார். பழகின வீடு, பழகின படுக்கை, பக்கத்தில் பொம்மிகூட இருந்தாள், ஃப்ரிட்ஜ் மேலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு. எதுவும் உதவவில்லை. கதவு வேலைக்குத் தச்சர் 1,800 ரூபாய் வாங்கினார், போர்டிங்கே மலிவு.

இதிலும் விதிவிலக்கு உண்டு, எல்லா நாயும் மணி இல்லை. கணவரின் சித்தப்பா வீட்டில் ஒரு கன்னி நாய் இருக்கிறது, அவரைத் தவிர யார் கையிலும் தண்ணீர்கூடக் குடிக்காது, அதை இந்த மாதிரி மைதானத்தில் விட்டால் என்ன ஆகுமோ. தெரிந்தவர் ஒருவரின் பாரசீகப் பூனை காரில் மடியில் உட்கார்ந்து ஊட்டிவரை போய்வருகிறது. உங்கள் பிராணி எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். பூனையைப் போர்டிங்கில் விட்டே ஆக வேண்டும் என்றால் நாய் சத்தம் கேட்காத தனிக் கட்டடமா என்று பாருங்கள், கூண்டுக்குள் ஏறி உட்காரப் பலகையும் ஒளியப் பெட்டியும் இருக்கிறதா, சாப்பாடும் மலத்தட்டும் எதிரெதிர் மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள், துவைக்காத உங்கள் பழைய நைட்டி ஒன்றைக் கூடவே கொடுங்கள், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் போன் செய்ய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கடைசியாக, உண்ணி மருந்து பூனைக்கு எவ்வளவு அடிப்பீர்கள் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். பாதி என்று சொன்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

போன மாதம் ஒரு வார வேலையாக மணியை மறுபடி அங்கேதான் விட்டேன். கார் கதவைத் திறந்ததுதான் தாமதம், அந்தப் பையனைத் தேடி ஓடிவிட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையன் கையில் அந்த மூன்று கோடும் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. "பொம்மி வரலையாக்கா?" என்று கேட்டான். வீட்டில் இருக்கிறாள் என்றேன். "அதான்க்கா நல்லது. நாங்களும் பூனை எடுக்கிறதை விட்டுட்டோம்" என்று சொல்லி அந்தத் தகரக் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே நாய்த் தீனி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன.